மேடைப் பலகையின் ரேகை

உட்காருங்கள் அம்மா. மாடி அறையைப் பிறகு காட்டுகிறேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது. அதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. குடிவந்த பிறகு தெருக்குழாயடியில் பிறர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்களுக்கும் நல்லதன்று, எனக்கும் நல்லதன்று.

முதலாவது, நீங்கள் வழி கேட்ட ப்ளைவுட் கடை என் தம்பி ஆவுடையப்பனுடையது. கல்லாவில் இருந்தவள் அவன் மனைவி உலகம்மாள்; நாத்தனாரான என்னை மதினி என்பாள். "நேராப் போங்க, எங்க மதினி வீடுதான். அங்கன எதுவும் வளையாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னதாகச் சொன்னீர்கள். அவள் உங்களுக்கு வழி சொல்லவில்லை அம்மா. என்னைச் சொன்னாள்.

இரண்டாவது, பலகை. கடையில் அதை ப்ளைவுட் என்பார்கள். நான் ஒட்டுப்பலகை என்பேன். மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்திச் செய்வது. ஒரு தகட்டின் ரேகை நெடுக்காக ஓடினால் அடுத்ததன் ரேகை குறுக்காக ஓடும். அதற்கடுத்தது மீண்டும் நெடுக்கு. அப்படிக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால்தான் அது வெறும் மரத்தைப்போலப் பிளப்பதில்லை, வெயிலுக்கும் மழைக்கும் கோணுவதில்லை. அடுக்குகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை. ஆகவே மேல்முகத்திலும் அடிமுகத்திலும் ரேகை ஒரே திசையில் ஓடும். அந்தத் திசையில் பலகைக்கு விறைப்பு அதிகம், மறுதிசையில் குறைவு. ஆகையால் ரேகை, அடியில் இருக்கும் சட்டங்களைக் குறுக்கே கடந்து ஓடும்படி பலகையைப் போடவேண்டும். சட்டத்தோடு சேர்ந்து ஓடும்படி போட்டால், இரண்டு சட்டங்களுக்கு நடுவில் பலகை தாழும். இதை எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. பின்னாளில் நானே புத்தகம் வரவழைத்துப் படித்தேன்.

மூன்றாவது, பொங்கல் சீர். நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் என்றீர்கள். உங்கள் பக்கமும் இருக்கும். கரும்பு, மஞ்சள்குலை, பச்சரிசி, வெல்லம், காய்கறி. பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் கொண்டுவர வேண்டும். எனக்குத் திருமணமான ஆண்டிலிருந்து ஆவுடையப்பன் ஒருமுறைகூடத் தவறியதில்லை. கரும்புக்கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தே வருவான். "வண்டியில வச்சா சீரு இல்லக்கா, சரக்கு" என்பான். ப்ளைவுட் கடைக்காரன் அல்லவா? சரக்கு என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் குழந்தை இல்லை. இரக்கத்துக்காகச் சொல்லவில்லை; நடந்தது விளங்குவதற்காகச் சொல்கிறேன். தம்பிக்கு ஒரே மகள். குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். பெயரிட்டவள் நான். குழலி என்று கூப்பிடுவோம். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் வளர்ந்தது பாதி அந்த வீட்டில், பாதி இந்த வீட்டில். இல்லை, பாதிக்கும் சற்று மேல் இந்த வீட்டில்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஊரில் எங்கள் மகளிர் தமிழ் மன்றத்துக்குச் சிறியதோர் அரங்கு உண்டு. நான் செயலாளர். கல்லூரியில் இலக்கணம் நடத்தி ஓய்வுபெற்றவுடன் என்னை அதில் உட்கார்த்திவிட்டார்கள். மேடைத் தரை பழைய பலகை; கறையான் அரித்துவிட்டது. உலகம்மாளிடம் சொன்னேன். மறுநாளே பலகை வந்து இறங்கிவிட்டது. விலை கேட்டதற்கு, "குழலி ஆடப்போற மேடதான மதினி! எனக்கே நான் பில்லு போடவா?" என்றாள். அவள் அப்படித்தான். நன்மை செய்தாலும் நான்கு பேர் கேட்கச் செய்வாள்.

முப்பிடாதி ஆசாரி வந்து பலகைகளைப் பரப்பினார். திருகாணி முடுக்கவில்லை, பரப்பி மட்டும் வைத்திருந்தார். நான் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். பலகைகளின் ரேகை பின்சுவரிலிருந்து அவையை நோக்கி ஓடியது. அத்தனை வரியும் பார்க்கிறவரின் மேல் பாய்வதைப்போல இருந்தது. கண்ணுக்கு ஒழுங்காக இல்லை. ரேகை இடமிருந்து வலமாக ஓடினால் கோடு போட்ட தாளைப்போல அமைதியாக இருக்கும் என்று கருதினேன். கருதினேன், அவ்வளவுதான். கருதியதைச் சொன்னேன்.

"கடக்காரம்மா இப்படித்தான் போடச் சொன்னாங்க டீச்சர்" என்றார் ஆசாரி.

"கடையில் அவர்கள் சொல்வது நடக்கட்டும். இது மன்றம்" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அளவு ரெண்டு பக்கமும் ஒத்துத்தான் வருது. ஒங்க இஷ்டம்" என்றார்.

குழப்பம் வரக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு பலகையின்மேலும் சாக்பீசால் ஓர் அம்புக்குறி போட்டுக்கொடுத்தேன். எந்த வேலையையும் தெளிவாகச் செய்வது என் வழக்கம். பலகைகள் திருப்பி வைக்கப்பட்டன. கீழே சட்டங்களும் இடமிருந்து வலமாகத்தான் ஓடின என்பதை நான் பார்க்கவில்லை. மேடையில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். நான் நாற்காலியில் இருந்தேன். அதைப் பார்ப்பது ஆசாரியின் வேலை.

ஆண்டுவிழா சாரல் காலத்தில் வந்தது. வாசலில் குடைகள் சொட்டிக்கொண்டிருந்தன. குழலியும் அவள் தோழிகளும் கும்மி ஆடினார்கள். முதலில் மெதுவாக, பிறகு விரைவாக, கடைசியில் எல்லோரும் சேர்ந்து துள்ளுவார்கள். அவர்கள் முன்பே பாடிப் பதிவு செய்திருந்த பாட்டில் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்திருந்தார்கள். பிறகு திருத்துவதற்காக அதை நிகழ்ச்சிநிரலின் ஓரத்தில் குறித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது குழலி உட்கார்ந்திருந்தாள். இந்த ஆட்டத்தில் உட்காரும் அடைவு கிடையாதே என்றுதான் முதலில் நினைத்தேன்.

இரண்டு பலகைகள் சந்திக்கும் இடம் அது. ஒன்று, மிதித்த காலோடு சேர்ந்து தாழ்ந்திருக்கிறது. பக்கத்துப் பலகை தாழாமல் நின்றிருக்கிறது. நடுவில் ஒரு படி. அதில் அவள் கால்விரல் மாட்டிக் கணுக்கால் திரும்பிவிட்டது. எலும்பு முறிவு. பாட்டு நிற்கவில்லை, ஒலிபெருக்கியில் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. உலகம்மாள்தான் செருப்பைக்கூட உதறாமல் மேடையில் ஏறினாள். "ஏட்டி, அசையாத. காலப் பாக்காத, அம்மாவப் பாரு" என்றாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்கள். நான் வளர்த்த பிள்ளை.

அடுத்த கூட்டத்தில் காரணம் கேட்டார்கள். செயலாளர் என்ற முறையில் நான் எழுந்து சொல்ல வேண்டியதாயிற்று. பலகை தாழ்ந்தது, நல்ல பலகை தாழாது, ஆகவே இது நல்ல பலகையன்று. "விலையில்லாமல் வருவது அந்தத் தரத்தில்தான் வரும்" என்றும் சொன்னேன். இந்தக் கடைசி வாக்கியம் தேவையில்லாதது என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்கிறார். தேவையா இல்லையா என்பது வேறு. அன்று என் அறிவுக்கு அது உண்மையாகப் பட்டது.

ஊர் சிறியது. மன்றத்தில் சொன்னது மறுநாள் கடைவீதிக்குப் போய்விட்டது. பெஞ்சுக்குப் பலகை கேட்டிருந்த பள்ளிக்கூடம் வேண்டாம் என்றுவிட்டது. புதுவீடு கட்டுகிற ஒருவர் கதவைத் திருப்பிக் கொண்டுவந்து கடைவாசலில் சாய்த்துவிட்டுப் போனார். ஆவுடையப்பன் இதோ இந்த இடத்தில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான், வந்து உட்கார்ந்தான். காப்பி குடிக்கவில்லை.

"அக்கா, கடைக்கு வாரவன்லாம், ஒங்க அக்காவே சொல்லுதாங்களேங்கான். நான் என்ன பதில் சொல்ல?"

"நான் பலகையைத்தான் சொன்னேன், உன்னைச் சொல்லவில்லையே, தம்பி."

"பலகையில எங்க பேருல்லா அடிச்சிருக்கு" என்றான்.

பிறகுதான் உலகம்மாள் மன்றத்துக்கு வந்தாள். கூட்டம் தொடங்கும் முன்பே வந்துவிட்டாள். அதே சரக்கிலிருந்து வெட்டிய இரண்டு கீற்றுகளைக் கொண்டுவந்திருந்தாள். அதோ சன்னல் திண்டில் இருக்கின்றனவே, அவைதான். ஒரே நீளம், ஒரே அகலம். ஒன்றில் ரேகை நீளவாக்கில் ஓடுகிறது, மற்றதில் குறுக்கே. குழலியும் கட்டுப்போட்ட காலோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

உலகம்மாள் இரண்டு நாற்காலிகளைத் தள்ளிப்போட்டு, அவற்றின்மேல் கீற்றுகளைப் பாலம்போல வைத்தாள். மன்றத்து அலமாரியிலிருந்து அகராதித் தொகுதிகளை எடுத்து கீற்றுக்கு ஒன்றாக அடுக்கினாள். நீளரேகைக் கீற்று லேசாகக் குனிந்து நின்றுவிட்டது. குறுக்குரேகைக் கீற்று தொட்டில்போலத் தொங்கியது.

"தொகுதிகள் ஒரே கனம் அல்ல" என்று நான் சுட்டிக்காட்டினேன். நியாயமான மறுப்புத்தானே?

"சரி மதினி" என்று தொகுதிகளை இடம் மாற்றி வைத்தாள். அதே கீற்று தொங்கியது. அதே கீற்று நின்றது. "இன்னொருவாட்டி மாத்தவா? ஒங்க இலக்கணப் புத்தகத்த வைப்பமா? அதாச்சும் இத நிமித்துதான்னு பாப்பம்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பொருளாளர்கூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். கீற்றைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொல்கிறேன். பிறர் பேச்சை மாற்றிச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

"பலகையில குத்தமில்ல. பலகையத் திருப்பிப் போட்டதுல குத்தம். ஆசாரிட்ட கேட்டேன், டீச்சர் சொன்னாங்கன்னுட்டாரு. தெரியாமச் சொல்லிட்டாங்க, அதனால என்ன? என் பிள்ள காலு நல்லாயிரும். நான் அதுக்குச் சண்டைக்கு வரல. மதினி எந்த எடத்துல நின்னு பலகை மோசம்னாங்களோ, அந்த எடத்துல நின்னு ஒரே ஒரு வார்த்த சொல்லட்டும். திருப்பச் சொன்னது நான், பலகை நல்ல பலகைன்னு. கடைக்கு அது போதும். எங்களுக்கும் அது போதும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்து, மன்றத்தின் பணிகள் யாவும் கூட்டுப் பொறுப்பில் நடப்பவை என்பதையும், ஒருவர் கருத்துச் சொல்வதும் மற்றொருவர் அதைச் செய்வதும் வெவ்வேறு செயல்கள் என்பதையும் விளக்கினேன். முழுமையாக விளக்கினேன். நடுவில் எவரும் குறுக்கிடவில்லை. கடைசியில்தான் பின்வரிசையிலிருந்து குழலி பேசினாள்.

"அத்தை, அன்னைக்கு சாக்பீஸ் எடுத்துத் தந்தது நான்தான?"

அவ்வளவுதான் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. உண்மைதான், அன்று அவள் என்னோடு வந்திருந்தாள். சாக்பீஸ் டப்பாவை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். நான் மறுக்கவில்லை. "ஆம், நீதான் தந்தாய்" என்றேன். கேட்டதற்குச் சரியான விடை அது. ஆனால் அவள் அதற்காகக் கேட்கவில்லை போலிருக்கிறது. கம்பை ஊன்றி எழுந்து வெளியே போய்விட்டாள். கதவருகில் ஒருகணம் நின்றாள். நான் கூப்பிடுவேன் என்று நின்றாளோ, கால் வலித்து நின்றாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "ஒரு வார்த்ததான? சொல்லிட்டா என்ன குறஞ்சிரும்?" என்றார். நாற்பது ஆண்டு தபால்காரர் வேலை பார்த்தவர். பிறர் சொல்லைச் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தே பழகியவர். சொல்கிறவருக்குச் சொல் எவ்வளவு கனம் என்பது அவருக்குத் தெரியாது.

நான் சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இந்த இரண்டு கீற்றுகளையும் செய்தித்தாளில் சுற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் கட்டடத்துறைப் பேராசிரியை ஒருத்தி இருக்கிறாள். என்னிடம் படித்தவளின் மகள். நல்ல பலகை எந்தத் திசையில் போட்டாலும் தாங்கத்தானே வேண்டும் என்று கேட்டேன். எடுத்து வளைத்துப் பார்த்தாள். விளிம்பில் அடுக்குகளை நகத்தால் தொட்டு எண்ணினாள்.

"ரொம்ப நல்ல ப்ளைவுட் பாட்டி இது" என்றாள். "ஒட்டு எங்கேயும் விடலை. ஒரு திசையில விறைப்பா இருக்கிறது குறையில்லை, அதோட இயல்பு. நாமதான் அது எந்தப் பக்கம் தாங்கும்னு பார்த்துப் போடணும். யார் இதைத் திருப்பிப் போட்டது?"

"அது விசாரணையில் இருக்கிறது" என்றேன்.

சாரலும் மலைக்காற்றும் பலகையைத் தளர்த்தியிருக்கலாமே என்றும் கேட்டேன். தண்ணீரில் ஊறக் கிடந்தால் தளரும், வாசலில் சாரல் அடித்தால் தளராது என்றாள். சிறுபெண், அனுபவம் போதாது.

தை பிறக்கும் முன் மன்றத்தில் இன்னொரு கூட்டம் இருந்தது. சொல்லலாம் என்றுதான் போனேன். உண்மையாகவே சொல்கிறேன், சொல்லலாம் என்றுதான் போனேன். வாக்கியத்தைக்கூட ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். ஆனால் என் முறை வரும்போது நேரமாகிவிட்டது, பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். பாதி அவையில் சொல்வது நிறைவாக இராது. உலகம்மாளும் அன்று வரவில்லை. குழலியும் வரவில்லை. அவர்கள் இல்லாமல் யாருக்குச் சொல்வது?

பொங்கலுக்கு முதல் நாள் காலையிலேயே வாசல் தெளித்துக் கோலம் போட்டு வைத்தேன். தம்பி வரும் நேரம் எனக்குத் தெரியும். நேரம் கடந்தது. கடையின் சரக்கு ஆட்டோ வந்து கேட்டில் நின்றது. ஓட்டுகிற பையன் கரும்பையும் மஞ்சள்குலையையும் அரிசிப்பையையும் இறக்கி வைத்தான்.

"மொதலாளி குடுத்துவிட்டாங்க" என்றான்.

"அவன் வரவில்லையா?"

"கடையில ஆளில்லம்மா."

பொங்கலுக்கு முதல்நாள் ப்ளைவுட் வாங்க யார் வருவார்கள்? நான் கேட்கவில்லை. அப்போதுதான் ஆட்டோவின் முன்பக்கம் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் குழலி உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பாவாடை தாவணி. நான் எடுத்துக் கொடுத்தது. என்னைப் பார்த்தாள். நான், "இறங்கி வா குழலி, பாயசம் வைத்திருக்கிறேன்" என்றேன்.

"கால் வலிக்கு அத்தை" என்றாள்.

முந்தின நாள் அவள் கோயிலைச் சுற்றி நடந்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். ஆனாலும் வலி என்பது வந்து வந்து போவதுதானே? முறிந்த எலும்பு அப்படித்தான் இருக்கும். மனிதர்க்கு இயல்பு. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆட்டோ போன பிறகு, நின்றிருந்த இடத்தில் கோலம் அழிந்திருந்தது, மறுபடி போட்டேன்.

இவ்வளவும் உங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். நீங்கள் பார்க்க வந்திருக்கும் மாடி அறை குழலிக்காகக் கட்டியது. ஆகவே கேட்க வேண்டும். இவற்றில் எவை முடிவாயின, எவை ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பலகை தரமான பலகை என்பது முடிவாகிவிட்டது.

மேடையில் அதே பலகைகள் ரேகை அவையை நோக்கி ஓடும்படி மீண்டும் திருப்பிப் போடப்பட்டன. போட்டவர் முப்பிடாதி ஆசாரி. கூலி கொடுத்தவள் உலகம்மாள். பொங்கல் விழாவில் அதன்மேல் பிள்ளைகள் துள்ளினார்கள். தாழவில்லை. மழையில்லாத காலம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

குழலியின் எலும்பு கூடிவிட்டது. ஆடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் ஆடவில்லை.

பள்ளிக்கூடம் பெஞ்சுக்குரிய பலகையை வேறு கடையில் வாங்கிவிட்டது. கதவைத் திருப்பியவர் திரும்ப வரவில்லை.

திருப்பச் சொன்னவர் இன்னார் என்று மன்றத்தில் இன்னும் எவரும் எழுந்து சொல்லவில்லை. மாசி மாதக் கூட்டம் இருக்கிறது.

கேட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கும் கரும்பு அந்தச் சீர்க்கரும்புதான். "காஞ்சு போவுது, வெட்டட்டா?" என்று என் வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார். தம்பி வந்து கையில் கொடுக்காத கரும்பு, அப்படியே இருக்கட்டும்.

மாடி அறையின் தரையும் ஒட்டுப்பலகைதான். குழலி ஆடிப் பழகுவதற்காகப் போட்டது. எந்தத் திசையில் போடவேண்டும் என்று அன்று நான் எதுவும் சொல்லவில்லை. உலகம்மாளே நின்று போட்டாள். இத்தனை ஆண்டில் ஓர் இடத்திலும் தாழவில்லை.

அறை இப்போது காலியாக இருக்கிறது. வாருங்கள். செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டுவிடுங்கள் அம்மா. அந்தத் தரையில் இதுவரை எவரும் செருப்போடு நடந்ததில்லை.